கார்டு செருகும் இடத்தில் வைத்த பொட்டு

லேப்டாப்பின் இடது ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்தவன் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்க வேண்டியவள் எதிரில் நின்றபோதும் சொல்லவில்லை.

சாலைக் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஸ்டூடியோவில் நான் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் படம், பிரிண்ட், லேமினேஷன். படித்தது பத்தாவது வரைதான். கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. மோவாயைத் தூக்கச் சொல்வதைக்கூட ஸ்கிரீனைப் பார்த்துத்தான் சொல்வேன். முதலாளி நாகர்கோவில்காரர். கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "நம்ம ஆளு செவரு மாதிரியாக்கும். காதும் கிடையாது, வாயும் கிடையாது" என்பார். பாராட்டாகத்தான் சொல்வார்.

கடையில் மூன்றாவது ஆள் ஒரு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பாறசாலைப் பக்கம் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள். கடையைப் பெருக்கித் துடைப்பது, படங்களை வெட்டிக் கவரில் போடுவது அவள் வேலை. அவள் கணவர் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலையில் இருந்தபோது உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி ஒரு அறையில்தான் இருவரும் இருந்தார்கள். மதியம் ஒரு மணிக்கு அவள் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, துணி மாற்றிவிட்டு வருவாள். நடுவில் அப்படிப் போய்வர விடுகிற கடை வேறு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் முதலாளி என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

சரஸ்வதி பூஜைக்கு எங்கள் கடையில் கேமரா, லேப்டாப், பிரிண்டர், கத்தரிக்கோல் வரை எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. இது நடந்ததற்கு முந்தைய வருடம் லேப்டாப்பின் மூடியில் நடுவாக வைத்திருந்தேன். கறை போகவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு வைக்க மாதிரி நெத்தியில வச்சிருக்கீரே, வர்றவன் பாத்தா சிரிக்க மாட்டானா" என்று ஒரு மாதம் சொல்லிக் காட்டினார் முதலாளி. அந்தப் பயத்தில் இந்த முறை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, பக்கவாட்டில் வைத்தேன். பன்னீர் கூடிவிட்டதால் சந்தனம் தண்ணியாக இருந்தது. நான் வைத்த இடம் மெமரி கார்டு செருகுகிற துவாரம். அதை மூடி வைக்க லேப்டாப்போடு ஒரு பிளாஸ்டிக் அட்டை வந்திருந்தது. லேமினேஷன் மிஷினில் ஒட்டும் பசையைச் சுரண்ட முதலாளி அதை எடுத்துப் போயிருந்தார்.

விஜயதசமிதான் எங்களுக்கு வருடத்தில் பெரிய நாள். கோயிலில் குழந்தைகளை மடியில் வைத்து, அரிசியில் முதல் எழுத்து எழுதவைக்கும் நாள். முதலாளி விடியற்காலையில் பூஜையை எடுத்து, கேமராவோடு கோயிலுக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு நானும் அக்காவும் கடை திறந்தோம். மேசையெல்லாம் பூ, குங்குமம், கற்பூரக் கரி. அவள் வழக்கம்போல் ஈரத்துணியைப் பிழிந்து எல்லாவற்றையும் துடைத்தாள். லேப்டாப்பையும் துடைத்தாள்.

பத்து மணிக்கு முதலாளி கார்டைக் கொண்டுவந்தார். பின்னாலேயே தாய் தகப்பன்மார், பட்டுப் பாவாடையில் அழுகிற குழந்தைகள். கார்டைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. எடுத்துப் பார்த்தேன். கார்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் செருகினேன். அன்று என் கை, மேசை, கதவு எல்லாமே மஞ்சளாகத்தான் இருந்தது. அதனால்தான் பொட்டு எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க உண்மை இல்லை.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வேறு கார்டு போட்டுப் பார்த்தேன். கார்டின் பித்தளைப் பட்டைகளை ரப்பரால் தேய்த்தேன். டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். கார்டைக் கேமராவில் போட்டால் படமெல்லாம் இருந்தது. கேமராவிலிருந்து நேராக ஏற்றலாம் என்றால் அதன் வயர் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியே மாட்டும் கார்டு ரீடர் வாங்க எதிர்க்கடைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது.

"சேட்டா, கொச்சு உறங்கிப் போயி. இனி எப்போ?" என்றார் ஒரு தகப்பன், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

கடை முழுக்க ஆள். முதலாளிக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். அக்கா கையில் அந்தத் துணி இருந்தது.

"இங்க வா. இதை எதால தொடச்ச?"

"துணியாலதான் மொதலாளி."

"ஈரத்துணி."

"நல்லா பிழிஞ்சுதான் தொடச்சேன். மேலாக்கத்தான். ஒரு சொட்டு வெள்ளம் உள்ள போவல்ல."

"மேலாக்க! பாத்தீங்களா, இவங்க என்ஜினியராக்கும்." கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவள் கையிலிருந்த துணியை வாங்கி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, அவள் நடப்பதுபோல் நடந்து, லேப்டாப்பைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்துக் காட்டினார். "வாங்க மக்ளே, எண்ணெ தேச்சு, சீயக்காய் போட்டு..." கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், அதுதான் அவள் பழக்கம். நானும் சிரித்தேன்.

"வீட்டுல ஒரு ஆளைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிப் பழகிட்டு, இங்கயும் வந்து குளிப்பாட்டுகா" என்றார் முதலாளி.

அதற்கு அவள் சிரிக்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீரு பாத்தீருல்லா? ஈரத்துணிதானே?"

அன்று அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் வாய் திறந்து சொன்னது ஒரே வார்த்தை. "ஈரத்துணிதான்" என்றேன். பொய் இல்லை.

"கேட்டியா? செவரே வாயைத் தொறந்துட்டு. ஒண்ணாந்தேதி தொட்டு நீ வேலைக்கு வரண்டாம்" என்றார் முதலாளி.

மதியத்துக்குமேல் பக்கத்து ஸ்டூடியோவிலிருந்து இரவல் ரீடர் வந்து, படங்கள் பிரிண்ட் ஆயின. அக்கா அன்று ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. போகட்டுமா என்று கேட்கப் பயந்து, நாலு மணிவரை கவர் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "பாவம், அப்படியே கிடந்துட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், செல்போன் விளக்கை அடித்து அந்தத் துவாரத்துக்குள் பார்த்தேன். உள்ளே சிறிய கம்பிகளின்மேல் மஞ்சளாகக் காய்ந்து அப்பியிருந்தது. கார்டை மறுபடி மறுபடி செருகிச் செருகி நானே அதை உள்ளே தள்ளியிருக்கிறேன். பழைய பல் தேய்க்கும் பிரஷை மெலிதாகச் செதுக்கி, பிரிண்டர் துடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்து, மெதுவாகக் கிளறினேன். துண்டு துண்டாக வந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். சந்தனம்தான்.

அக்கா இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உள்ள வெள்ளம் இருக்கா?"

"இல்லக்கா."

"பின்ன என்னது?"

கீழே விரித்திருந்த காகிதத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். "தூசி" என்றேன்.

கார்டைச் செருகினேன். படங்கள் வரிசையாக ஸ்கிரீனில் வந்தன. அவள் எழுந்து வந்து பார்த்துக் கையைத் தட்டினாள். "சரியாயிட்டு! தம்பி, மொதலாளி வரும்போ சொல்லுங்க. தூசியாக்கும், வெள்ளம் இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

சரி என்று தலையாட்டினேன். முதலாளி வரும்வரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசி என்றால் அவர் எடுத்துக் காட்டச் சொல்வார். காட்டினால் சந்தனம். சந்தனம் என்றால் நான். இடுப்பைச் சாய்த்து நடக்கிற அந்த நடையை அடுத்தது எனக்காக நடப்பார். நான் பொட்டு வைப்பதுபோல் செய்துகாட்டுவார். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான். என்னை வேலையைவிட்டு எடுத்திருக்க மாட்டார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிரிண்டர் வேலை தெரிந்த ஆள் வேறு கிடையாது. நான் பயந்தது அந்த நடிப்புக்கு மட்டும்தான்.

முதலாளி வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார்.

"என்னவே பண்ணினீரு?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவரை மாத்திப் போட்டேன்" என்றேன்.

"மூணு நாளா அதைத்தானே போட்டீரு, வரல்லியே." அவர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "உள்ள கேறின வெள்ளம் இப்பத்தான் உணங்கிக் காஞ்சிருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்லா? தானா சரியாச்சுன்னா வெள்ளமேதான், வேற என்ன?"

அவர் கண்டுபிடித்ததில் அவருக்கே மகிழ்ச்சி. என் முதுகில் தட்டினார். சட்டைப் பையில் காகிதம் கசங்கியது. நான் ஆமாம் என்றேன். அக்கா திரும்பிப்போய் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அன்று அவள் வெட்டிய படங்களில் ஓரம் ஒன்றுகூடக் கோணவில்லை.

மாதத்தின் கடைசி நாள், கடை சாத்துவதற்கு முன் வழக்கம்போல் எல்லாவற்றையும் துடைத்தாள். லேப்டாப்பை மட்டும் தொடவில்லை. தன் பழைய சேலையிலிருந்து கிழித்து ஓரம் மடித்துத் தைத்த ஒரு துணியை என்னிடம் கொடுத்தாள். "உணங்குன துணி தம்பி. இனி வர்றவங்ககிட்ட இதால தொடைக்கச் சொல்லுங்க." முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் போனில் இருந்தபடியே கையை ஆட்டினார்.

நான் சந்து முனைவரை அவளோடு போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை கிடைக்கலாம், ஆனால் காலையில் போனால் சாயங்காலம்தான் விடுவார்கள் என்றாள். அவருக்கு மதியத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். பிறகு நின்றாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? மொதலாளி என்னமும் நெனச்சுட்டுப் போட்டும். நான் சத்தியமா நல்லாப் பிழிஞ்சுதான் தொடச்சேன். ஒரு சொட்டு உள்ள போயிருக்காது. நீங்க நம்புறீங்கல்ல?"

"நம்புறேன்க்கா" என்றேன்.

அவள் முகம் இளகியது. "அது போதும்" என்றாள். எனக்கு நன்றி சொன்னாள். ஒரு மணிக்கு ஓடுகிற பழக்கத்தில் வேகமாக நடக்கத் தொடங்கி, இனி அவசரமில்லை என்று நினைவு வந்ததுபோல் நடையைக் குறைத்துக்கொண்டு போனாள்.