பாதைக்கு வைத்த மொய்

ஈர மண், மிதிபட்ட தேயிலை, என் முழங்காலில் தேய்த்த தைலம்… எங்கள் பாதையின் வாசனை இந்த மூன்றும் சேர்ந்ததுதான். தைலம் ஏன் என்றால், அந்தப் பாதையில் நடப்பவன் எவனும் தைலமில்லாமல் வீடு சேர்ந்ததில்லை.

கீழ் கோத்தகிரிப் பக்கம், மேட்டு வீடுகளிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அது. அந்த வருஷ மழை அதைப் பாதியாகக் கரைத்துவிட்டது. மீதியை வழுக்குமரம் ஏறும் போட்டிக்கு வாடகைக்கு விட்டிருக்கலாம். மலை ஆடுகளே மேலே நின்று எட்டிப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போயின. நானே கண்ணால் கண்டேன்.

அதில்தான் மேட்டு வீட்டு மரகதம் அக்கா விழுந்து கால் எலும்பை உடைத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த பிறகும் கோல் ஊன்றித்தான் நடை. வீட்டை விட்டு இறங்க வழியில்லை. அக்கா மகள் செல்விக்கோ தை மாதம் கல்யாணம். ரோட்டோரம் மாரியம்மன் கோயிலில் முகூர்த்தம். மேலேயே வைக்கலாம் என்றால், பெண் பார்க்க ஏறி வந்த மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியில் தவழ்ந்தவர்கள். இன்னொரு முறை வருவார்களா?

நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்துவிடுகிறோம் என்றேன் நான், ஏதோ பல்லக்கே தயாராக நிற்பது போல.

அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உசுரோட இருக்கையில என்னைய ஒருத்தரும் தூக்க வேண்டாந் தம்பி. நடக்க வழி இருந்தா வர்றேன். இல்லீன்னா இங்கிருந்தே அட்சதை போட்டுக்கறேன்."

செல்வி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்றே பாதைச் சீரமைப்புப் பேரவை உதயமானது. தலைவர், செயலாளர், பொருளாளர், கொடி பிடிப்பவர் எல்லாம் அடியேன். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று நான் ஆற்றிய உரையில் தொட்டபெட்டா மலையே சற்றுக் குனிந்து காது கொடுத்தது. டின்னில் விழுந்ததென்னவோ கொஞ்சம் சில்லறையும் ஒரு புளிப்பு மிட்டாயும். குறை சொல்ல முடியாது… அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் இடிந்த பாதை இருந்தது.

காசு கேட்டால்தானே யோசிப்பார்கள், இலையாகக் கேட்போம் என்று முடிவானது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கொஞ்சமாவது தேயிலைச் செடி உண்டு. பறித்ததை ரோட்டில் எடை போட்டு, பேக்டரிக்கு ஏற்றிப் போவது சண்முகத்தின் பிக்கப் வண்டி. அவரவர் பெயரில் விழும் மூட்டைகளோடு, 'பாதை' என்ற பெயரில் ஒரு மூட்டை; வீட்டுக்கு வீடு அதில் இலை போட, பேக்டரி தரும் காசு பாதைக்கு. ஆக, எங்கள் பாதையும் ஒரு சிறு விவசாயி ஆகிவிட்டது!

முதல் வாரமே மூட்டை பிதுங்கியது. நான் மீசையை முறுக்கி முடிப்பதற்குள் சண்முகம் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தான். அத்தனையும் முற்றிய இலை. கொழுந்தைத் தங்கள் பெயருக்கு வைத்துக்கொண்டு, கழிவைத் தர்மத்துக்குத் தள்ளியிருந்தது ஊர்.

"ஏனுங்க மாமா, இதைப் பாதை மேலயே கொட்டி மிதிச்சுக்குங்க. பேக்டரிக்கு ஆகாதுங்க."

விஷயம் மேட்டு வீட்டில் அக்கா காதுக்குப் போனது. மறுநாள் அக்கா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கெட்டிய செடிகளில் கிள்ளிய ஒரு பை கொழுந்தை மகளிடம் கொடுத்தனுப்பியது. இரண்டு இலையும் மொட்டும், வேறு கலப்பே இல்லை. கூடவே ஒரு சேதி… "செல்விக்கு மொய் வைக்கறாப்ல நெனச்சுப் போடச் சொல்லு."

மொய் என்றதும் ஊரே சிலிர்த்துக்கொண்டது. மொய்யில் குறைந்தவன் தலை நிமிர முடியுமா? அடுத்தடுத்த வாரங்களில் விழுந்த கொழுந்தைப் பார்த்து, பேக்டரியின் புகைபோக்கி எங்கள் திசை பார்த்துக் கும்பிடு போட்டது. கல் வந்தது, கொத்தனார் வந்தார். சரிவுக்குப் படிக்கட்டு, மழைத்தண்ணீர் ஒதுங்கிப் போகக் குறுக்கே வாய்க்கால். கல் சுமக்க வராத வீடில்லை.

கல்யாணத்தன்று பட்டுச் சேலையும் கோலுமாக அக்கா ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே மேளக்காரர்கள் வாசிக்க மறந்து நின்றார்கள். முகூர்த்த நேரமே கடிகாரத்தைப் பிடித்து நிறுத்திக் காத்திருந்தது. மணக்கோலத்தில் செல்வி அழுத அழுகையில்… வேண்டாம், இந்த இடத்தில் மிகைப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

இப்போதெல்லாம் டீக்கடைதோறும் போனில் காசு போட ஸ்கேன் பண்ணும் அட்டை இருக்கிறது. போன மழையில் மஞ்சூர்ப் பக்கம் ஒரு பாதை கரைந்து போனது, உதவுங்கள் என்று போனில் படம் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே காசு அனுப்பினேன். நல்ல வசதிதான். ஆனால் நான் அனுப்பியது கொழுந்தா, முத்தலா என்று கைவிட்டுப் பார்க்க ஒரு சண்முகம் இல்லை.

எங்கள் படிகளோ அசையவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வீடுகள் அத்தனைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுத்தான் ஏறுகிறேன். முழங்கால் இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. போன வாரம் பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் கோல் சத்தம். அரிசிப் பையோடு ஏறி வந்த அக்கா என்னைக் கடந்து, இரண்டு படி மேலே போய்த் திரும்பியது.

"என்ன தம்பி… தூக்கறதுக்கு ஆள் சொல்லட்டா?"