கலைத்து ஒட்டிய கதை

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள்: முதலாளி. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அண்ணன். மிதி எந்திரத்தில் அவருடைய மச்சான். சீட்டு மடிக்கும் பெண்கள் இருவர். ஒருத்தி என் நாத்தனார், இன்னொருத்தி நான். மேசைமேல் துத்தநாகத் தகட்டில் ஒரு ஆள், குப்புறப் பறந்தபடி.

பறக்கிறவனை முதலாளி எடைக்கு வாங்கியிருந்தார். ஒரு சீனர் தன் அச்சகத்தை மூடினார். படம் அச்சடிக்கும் பழைய பிளாக்குகளை மொத்தமாகத் தள்ளிவிட்டார். அதில் இவனும் வந்துவிட்டான். முஷ்டியை முன்னால் நீட்டியிருந்தான். முதுகில் ஒரு துணி காற்றில் விரிந்து கிடந்தது. வெள்ளைக்காரப் படப்புத்தகத்து ஆள் எவனையோ பார்த்து யாரோ வெட்டியது. அந்தத் துணி என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"கைலியக் கழுத்துல கட்டிருக்கான்," என்றாள் நாத்தனார்.

அதோடு அவன் கைலிக்காரன் ஆனான்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் அது. எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடி அதிகம் ஓடியது திக்காம் பலகை. ஓர் அட்டை. அதில் வரிசையாக மடித்து ஒட்டிய அறுபது சீட்டு. மேலே பம்பரம், ஊதல், தகரத் தவளை எல்லாம் நூலில் தொங்கும். பிள்ளைகள் ஐந்து காசு கொடுத்து ஒரு சீட்டைப் பிய்ப்பார்கள். உள்ளே எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் பொருள் இருந்தால் பொருள். இல்லையென்றால் ஒரு மிட்டாய்.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து வரும் பலகைகள் பளபளவென்று இருக்கின்றன. நம்முடையதைக் கடைக்காரர்கள் உள்ளே தள்ளி வைக்கிறார்கள். இனி சீட்டில் வெறும் எண் போதாது. அறுபது சீட்டிலும் இவன் கதை ஓடவேண்டும். ஒரு பலகை தீர்ந்தால் அடுத்த பலகையில் கதை தொடரவேண்டும்.

"யாரு எழுதுறது முதலாளி?" என்றார் கம்பாசிட்டர்.

ஒரு வாத்தியாரைக் கேட்டாராம். திக்காம் சூதாட்டம், அதற்குப் பேனா பிடிக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். முதலாளி கம்பாசிட்டரையே பார்த்தார். அவர் கையை விரித்தார். அடுத்தவர் எழுதியதைப் பிழையில்லாமல் கோப்பேன், சொந்தமாக ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை என்றார்.

நான் மடித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"நான் எழுதட்டுமா முதலாளி?"

எந்திரம் நின்றது. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை. அது எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் என் முழங்கையைக் கிள்ளினாள். முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கும் வேறு ஆள் இல்லை.

"சீட்டுக்கு மூணு வரி," என்றார் கம்பாசிட்டர். "அதுக்கு மேல கேட்டா ஈய எழுத்து இல்ல புள்ள."

காலையில் உலையை வைத்துவிட்டு எழுதினேன். வீணான தாளின் பின்பக்கத்தில், பென்சிலால். என் வீட்டுக்காரர் ஆற்றுமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கைலிக்காரனையும் மூட்டை தூக்க வைத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஆண்பிள்ளை வேலை அது ஒன்றுதான். இடுப்புக் கைலியை அவிழ்த்துக் கழுத்தில் கட்டினால் பறப்பான். உள்ளே கால்சட்டை உண்டு. அதை முதல் சீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"பறக்கத் தெரிஞ்சவன் எதுக்கு மூட்ட தூக்குறான்?"

"சோத்துக்கு."



கதை இதுதான். ஒரு பணக்காரன் ஊரின் மழையை எல்லாம் ஒரு பீப்பாயில் அடைத்துவிடுகிறான். கிணறு வற்றுகிறது. கைலிக்காரன் தேடிப்போகிறான். நடுவில் அடி வாங்கிச் செத்ததுபோல் விழுகிறான். எழுந்து போய்ப் பீப்பாயை உடைக்கிறான். மழை கொட்டுகிறது. பணக்காரன் படகேறித் தப்பிவிடுகிறான். அவனை அடுத்த பலகைக்கு வைத்திருந்தேன்.

மூன்று வரியில் ஒருவன் யோசித்துக்கொண்டு நிற்க இடமில்லை. எதையாவது செய்துவிட்டுப் போகத்தான் இடம். அது எனக்குப் பழகிப்போயிற்று. பிற்காலத்தில் இரண்டு நாவல் எழுதினேன். அவற்றிலும் யாரும் அதிகம் யோசிப்பதில்லை என்று குறை சொன்னார்கள். இருக்கட்டும்.

கம்பாசிட்டர் கோத்தார். ஈயத்தை மிச்சம் பிடிக்க எண்களை எடுத்துவிட்டார். எட்டுச் சீட்டில் மட்டும் கதைக்குக் கீழே பரிசின் பெயர் இருக்கும். மற்றதில் கதை மட்டும். இருபது பலகை தயாரானது. ஆயர் குரோ, குருபோங், புக்கிட் ரம்பாய் என்று சுற்றுவட்டாரக் கடைகளுக்குச் சைக்கிளில் போயின. ஒன்று காஜா பெராங் சாலைக்கு. நான் குடியிருந்ததும் அந்தச் சாலையில்தான், மறுகோடியில்.

முதலாளி என்னிடம் தனியாகச் சொன்னார். ஒரு மாதம் பார்ப்பேன். பலகை தீர்ந்தால் அடுத்ததையும் நீயே எழுது. தீரவில்லை என்றால் பழையபடி எண்தான், உனக்கு மடிக்கிற வேலைதான். சரி என்றேன். எனக்கு அடுத்த பலகை வேண்டும். அதற்குமுன் எதையும் அப்படி நான் ஆசைப்பட்டதாக நினைவில்லை.

ஒன்பதாவது நாள் புக்கிட் ரம்பாய் பலகை திரும்பி வந்துவிட்டது. பிய்த்தது ஏழு சீட்டு. கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். ஒரு பிள்ளைக்கு முதல் சீட்டிலேயே ஆள் செத்துக் கிடக்கிறான். அடுத்த பிள்ளைக்கு அவன் மூட்டை தூக்குகிறான். மூன்றாவது பிள்ளைக்கு மழை. இது என்ன கதை?

கம்பாசிட்டர் பலகையைப் புரட்டிப் பார்த்தார். மிச்சச் சீட்டுகளில் நாலைப் பிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள, சீட்ட ஒட்டுனது யாரு?"

"நான்தாண்ணே."

"கலைச்சியா?"

"கலைச்சேன்."

"ஏன்?"

"திக்காம்னா கலைச்சுத்தான ஒட்டணும்."

அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று முதல் அறுபது வரை வரிசையாக எழுதியது நான். நாலு வருஷப் பழக்கத்தில், சீட்டுகளை முறத்தில் கொட்டி, இரண்டு கையாலும் நன்றாகக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டியதும் நான். இருபது பலகைக்கும் அப்படித்தான். நாத்தனாரும் கூட இருந்தாள். அவளுக்கும் தோன்றவில்லை. வரிசையாக ஒட்டியிருந்தாலும் பயனில்லை. பிள்ளைகள் நடுவிலிருந்துதான் பிய்க்கும். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

முதலாளி சத்தம் போடவில்லை. எல்லாப் பலகையையும் திரும்ப எடுங்கள், சீட்டைக் கழற்றிவிட்டு எண் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். காஜா பெராங் பலகையை வீட்டுக்குப் போகும் வழியில் நீயே எடுத்து வந்துவிடு என்றார். கொடி அச்சடிக்கிற வேலை நிறைய வந்திருக்கிறது, நாளையிலிருந்து அதில் உட்கார் என்றார்.

பிற்பகலில் போனேன். அந்தக் கடை, பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட செட்டிகள் குடியிருக்கும் சந்தில் இருந்தது. நம்மைப்போல் சாமி கும்பிடுகிறவர்கள், பேசுவது மலாய். கடைக்காரப் பெண்மணி கெபாயாச் சட்டை போட்டிருப்பார். எல்லோரும் அவரைப் பீபிக் என்பார்கள். அத்தை மாதிரி ஒரு முறை. நான் அங்கே அதிகம் போனதில்லை.

பலகை வாசலில் தொங்கியது. ஒரு சீட்டுக்கூட இல்லை. ஆனால் எட்டுப் பரிசும் அப்படியே தொங்கின. பிள்ளைகள் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனேன்.

மரச் சுவரில் சீட்டுகள் ஒட்டியிருந்தன. சோற்றுப் பசை. ஆறு வரிசை. எதிரே பெஞ்சில் நகரசபையில் சாலை வேலை செய்யும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் ஆள். அவர் ஒவ்வொரு சீட்டாகத் தமிழில் படித்தார். பீபிக் அதை மலாயில் சொன்னார். ஏழெட்டுப் பிள்ளைகளும் நாலைந்து பெரியவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பீபிக் சொன்னது சாலைக்காரர் படித்ததைவிட நீளமாக இருந்தது. அதில் பணக்காரனுக்குத் தொந்தி வேறு இருந்தது. நான் தொந்தி எழுதவில்லை.

பரிசு ஏன் தொங்குகிறது என்று கேட்டேன். பரிசுச் சீட்டைக் கொடுத்தால்தான் பொருள். அந்தச் சீட்டு அச்சகத்துக்குத் திரும்பப் போகவேண்டும். அது எங்கள் சட்டம். சீட்டைக் கொடுத்துவிட்டால் சுவரில் ஓட்டை விழுமே என்று எல்லோருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள். தகரத் தவளை விழுந்த பிள்ளை மட்டும் தினமும் வந்து தவளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகுமாம்.

எந்தச் சீட்டு எங்கே வரும் என்று தினமும் சண்டையாம். ஒட்டுவார்களாம், பிய்ப்பார்களாம். அன்றைக்கும் ஒரு சீட்டு சாலைக்காரர் கையில் இருந்தது. என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, படிக்கத் தெரியுமா? இது எங்க வரும், நீயே சொல்லு. இந்தம்மா பீப்பாய்க்கு முந்திங்கிறாங்க. நான் பிந்திங்கிறேன். எழுதுன மடையனுக்குத்தான் வெளிச்சம்."

வாங்கிப் படித்தேன். 'கைலி நனைந்துவிட்டது. இனிப் பறக்க முடியாது. நடந்தான்.' மழை கொட்டிய பிறகு அவன் வீட்டுக்குப் போவதற்காக எழுதியது. கடைசிக்கு முந்தின சீட்டு. சாலைக்காரர் சொன்னதுதான் சரி.

பீபிக் தன் காரணத்தைச் சொன்னார். பீப்பாய் ஒழுகியிருக்கும். அருகே போனதும் அவன் துணி நனைந்திருக்கும். பறக்க முடியாமல், வெறும் ஆளாக, நடந்துபோய்த்தான் உடைத்திருப்பான். பறந்துபோய் உடைப்பது என்ன பெரிய காரியம் என்று கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன்.  பிறகு சீட்டைப் பீபிக்கிடம் கொடுத்தேன்.

"முந்தியே இருக்கட்டும்," என்றேன்.

சாலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பொம்பளைகள் சேர்ந்துவிட்டீர்கள் என்றார். பீபிக் பசை தடவி ஒட்டினார். கடைசிச் சீட்டு வரை சொல்லி முடித்தார். படகு போய்விட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லெப்பாஸ் இத்து?"

அப்புறம் என்ன என்று கேட்கிறார். கதை தெரிந்தவள்போல் நான் பேசியதால் கேட்டிருக்கலாம். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"இன்னும் எழுதல," என்றேன்.

சாலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? இந்தக் கையா அவன அந்த அடி அடிச்சுது?"

ஆமாம் என்றேன். அவர் மடையன் என்றதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

பலகையை எடுக்காமல் அச்சகத்துக்கே திரும்பி நடந்தேன். முதலாளியிடம் சொன்னேன். ஒரு கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படித்தால் போதுமா என்றார். இருபது கடையிலும் சுவர் இருக்கிறது என்றேன். நான் அவரிடம் எதிர்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான். அறுபதும் இருக்கிறதா, பாதி கிழிந்துதானே இருக்கும் என்றார். வந்து எண்ணிப் பாருங்கள் என்றேன். குறைந்தால் கொடி வேலைக்குப் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை குடையோடு வந்தார். கடையில் கூட்டம். யார் தேசம், யார் கொடி என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். அந்தக் கடையில் மட்டும் பணக்காரன் படகில் எங்கே போயிருப்பான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி முதலில் தொங்குகிற பரிசுகளைப் பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லையா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு குடைக்காம்பால் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு எண்ணினார். உதடு அசைந்தது. கடைசியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

ஆறாவது வரிசையின் ஓரத்தில் எங்கள் தாள் இல்லாத ஒன்று இருந்தது. காலண்டர் தாளைக் கத்தரித்தது. பென்சில் எழுத்து. மலாய். பீபிக்கின் கையெழுத்து.

"என்ன எழுதிருக்கு?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

பீபிக்கைக் கேட்டுச் சொன்னேன்: "கைலி காய்ந்துவிட்டது."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தகரத் தவளையை அவிழ்த்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார். மற்ற ஏழையும் கொடுக்கச் சொன்னார். சீட்டுகள் சுவரிலேயே இருக்கட்டும், அச்சகத்துக்கு வேண்டாம் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னார்:

"அடுத்ததையும் கலைச்சே ஒட்டும்மா."

அவர் போன பிறகு நானும் விரலால் தொட்டு எண்ணினேன்.

அறுபத்தொன்று.