பாட்டுக்குள் பத்தடி மௌனம்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா கோயில் வாசலில் ஒரே ஒரு ஜோடி ஷூதான் கிடக்கும். அது என்னுடையது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடலை ஒட்டிய இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே எல்லோரும் காலில் போட்டதோடுதான் கோயிலுக்குள் போகிறார்கள். எனக்கு அது இன்னும் கூசுகிறது. வந்த முதல் வாரம் ஷூவைக் கழற்றி வாசல் ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸோடு உள்ளே போனேன். திரும்பி வந்தால் ஷூவைக் காணோம். கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், யாரோ ஏழைகளுக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, அதைப் பழந்துணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். பெட்டிச் சாவி வேறு ஆளிடம். தூறலில் சாக்ஸோடு வீடு வரைக்கும் நடந்தேன். கதவைத் திறந்த என் மனைவி ஸ்டெல்லா காலைப் பார்த்துவிட்டு, “முத வாரமே காணிக்கை பலமாத்தான் போட்டிருக்கிய” என்றாள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டினேன். ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். தறிக்கொட்டகைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரன் பேசினாலும் வாய் அசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தொண்டை கிழியப் பாடினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. தறி போடுகிற தாளத்துக்கு மாதாவின் மேல் பாட்டுக் கட்டுவேன். என் பக்கத்துத் தறி ஆரோக்கியம். அவன்தான் எங்கள் பாதயாத்திரைக் கூட்டத்தைக் கூட்டிப் போகிறவன். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பதினாலாம் தேதி மதியம் மூன்று மணிக்குச் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பி, மறுநாள் பரலோக மாதா திருவிழாப் பூசைக்குக் காமநாயக்கன்பட்டி போய்ச் சேர்வோம். காலில் செருப்பு கிடையாது. கரிசல் காட்டு ரோடு, ஆகஸ்ட் வெயில், சக்கர வண்டியில் ஜோடித்த மாதா சுரூபம், அதற்குப் பின்னால் நாங்கள் ஒரு அறுபது பேர். வழியில் உள்ள ஊர்களில் காட்டில் வெள்ளாமை பார்க்கிற, நம் வேதத்தில் சேராத சம்சாரிகள்தான் பானகம் கரைத்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, இந்த வருசப் பாட்டு எங்கே என்று கேட்பார்கள். வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டு. பன்னிரண்டு வருடம் அது என் பொறுப்பாக இருந்தது.

இங்கே வந்த பிறகு பாட்டு நின்றுவிட்டது. முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மெஷின்கள் ஓடுகின்றன, ஆனால் தாளம் கிடையாது, ஒரே இரைச்சலாக ஒரு ரீங்காரம். நாள் முழுக்க வெள்ளைத் துண்டுகளை மடிக்கிறேன். நெய்த ஆள்தானே, ஓரத்தைத் தொட்டதும் நூல் எத்தனை நெருக்கம் என்று விரல் பார்த்துவிடும். வாய் மட்டும் திறக்காது. முதல் வருடம், ஊரில் கட்டி வைத்திருந்த ஒன்றை அனுப்பிச் சமாளித்தேன். இரண்டாம் வருடம் பழைய மெட்டில் வார்த்தையை மாற்றி அனுப்பினேன், ஆரோக்கியம் கண்டுபிடித்துவிட்டான். இது மூன்றாம் வருடம், அனுப்ப அதுவும் கையில் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு ஜெபமும் பாட்டும் வேறு வேறு இல்லை. பாட்டு வரவில்லை என்றால் ஜெபமே வற்றிவிட்டது என்றுதான் அர்த்தம். பயந்துபோனேன். ஸ்டெல்லாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அந்தப் பயத்தில்தான் வியாழக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். நோரா என்று ஒரு அம்மா, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நடத்துகிறார். கோயிலுக்குப் பக்கத்து அறையில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. நோரா ஒரு சின்ன மணியை அடித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். நம் ஊரில் ஜெபமாலை சொல்லும் வீட்டில் இப்படிச் சத்தம் நின்றால், முன்னால் சொல்கிறவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது என்று அர்த்தம். தெரிந்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் மரியாதை. பாவம், இவர்களுக்கு முன்னால் சொல்ல ஆளில்லை போல என்று நினைத்து, “அருள் நிறைந்த மரியே” என்று தமிழில் உரத்த குரலில் ஆரம்பித்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சரி, பாஷை தெரியவில்லை என்று நினைத்து, அவர்கள் சொல்ல வேண்டிய பாதியையும் நானே சொல்லி, ஜெபமாலையின் பத்து மணியையும் முடித்தேன். கண்ணைத் திறந்தபோது நோரா அழுதுகொண்டிருந்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். நான் தேங்க் யூ, தேங்க் யூ என்றேன்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குச் சூப் வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரம், நோரா வீட்டிலிருந்து ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம், கூடவே பூப்படம் போட்ட மூன்று கார்டுகள். ஸ்டெல்லா கார்டைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள், அந்தத் துக்கம் தாங்காமல்தான் கதறிவிட்டேன் என்று ஊரே நினைத்திருக்கிறது. அவள் போய், யாரும் சாகவில்லை, இவர் ஜெபம் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினாள். அந்தக் கூட்டத்தில் இருபது நிமிடம் சும்மா இருப்பதுதான் ஜெபம் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் சொன்னதும், “இருவது நிமிசம் வாய மூடிட்டு இருக்கணுமாம்லா? கட்டாயம் போங்க. வீட்லயும் வந்து பழகிப் பாருங்க” என்றாள்.

வெட்கத்தோடுதான் திரும்பப் போனேன். முதல் இரண்டு வாரம் தூங்கிவிட்டேன். அப்புறம் பழைய கடன்காரன் மாதிரி ஒவ்வொரு கவலையாக வந்து நின்றது. நோராவிடம் இதைச் சொன்னபோது, தனக்கும் பாதி நேரம் அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்புத்தான் ஓடும் என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். பதில் சொல்லாமல் ஆண்டவரோடு உட்கார்ந்திருப்பது, மனசு வெளியே போனால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வருவது. ஒரு வியாழக்கிழமை, காதுக்குள் தறிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. எனக்குச் சட்டென்று கரண்ட் போன கொட்டகை ஞாபகம் வந்தது. இருபது தறியும் ஒரே அடியாக நிற்கும். யாரும் அசைய மாட்டோம். வேர்வை காயும், காதுக்குள் மட்டும் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் எனக்கு வார்த்தை வந்திருக்கிறது. இத்தனை வருடமும் பாட்டைத் தறி கொடுத்தது என்று நினைத்திருந்தேன். தறி கொடுத்தது தாளம். வார்த்தையெல்லாம் கரண்ட் போன நேரத்தில் வந்தவை. அது தெரிந்ததற்காகப் பாட்டு உடனே வந்துவிடவில்லை. ஆனால் பயம் கொஞ்சம் விட்டது.

ஜூலையில் ஆரோக்கியம் போன் செய்தான்.

“ஏலே அந்தோணி, அம்மன் கோயில்ல ஆடித்தபசுக்குக் கொடி ஏறிட்டு. நீ இன்னும் பாட்ட அனுப்பல. என்னலே பண்ணுத அங்கன?”

“வரல மக்கா.”

“வரலன்னா? பஸ் வரலங்கிற மாதிரி சொல்லுத. ஸ்பீக்கர் பிடிச்சு போன்ல பாட்டு போட்டுட்டு நடக்கலாம்னு ஒரு பேச்சு ஓடுது. நான் சரின்னு சொல்லிரட்டா?”

பத்து நாள் பொறு என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

இங்கே ஜூலைக் கடைசி ஞாயிறு ஒரு மலை யாத்திரை உண்டு. நோராவின் கூட்டம் ஒன்றும் பேசாமல் ஏறும். மலையடியில் நான் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உடனே ஒருவர் ஷூ கடிக்கிறதா என்று கேட்டு பிளாஸ்திரியை நீட்டினார். இன்னொருவர் தன் பையிலிருந்து வேறு ஜோடியையே எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் வழக்கம், நேர்ச்சை, வேண்டுதல் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்ல, அவர்கள் நான் ஷூவையே காணிக்கையாகக் கொடுக்கப் போகிறேன் என்று புரிந்துகொண்டார்கள். கடைசியில் நோராதான், தன் தாயாரும் இந்த மலையை வெறுங்காலோடு ஏறியவர், இவரை விட்டுவிடுங்கள் என்றார். ஏறினோம். சரளைக்கல், மழை, ஐஸ் மாதிரி தண்ணீர். கரிசல் சூடு பழகிய கால் முதலில் அலறியது. அப்புறம் அதுவும் சும்மா ஆனது. ஊன்றுகோல் கல்லில் தட்டும் சத்தம், முன்னால் போகிறவர் மூச்சு, என் கால். பாதி மலையில் ஒரு இடத்தில் நின்றேன். கடல் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வந்தது:

கல்லும் அறியும் காலும் அறியும்
காக்கும் தாய்க்கு வழியும் தெரியும்
எந்தப் பாதை போனாலும் தாயே
முந்தி வந்து நிற்பவள் நீயே

மலையில் பேசக்கூடாது. அதனால் பாடவில்லை. மனசுக்குள் ஒரு தடவை, அப்புறம் பத்து எட்டு வைக்கும் வரை சும்மா நடை, மறுபடி ஒரு தடவை. ஜெபமாலையில் பத்து மணி மாதிரி. இறங்கி வந்தபோது அந்தப் பத்து எட்டும் பாட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே போனில் பாடி அனுப்பினேன். அடுத்த நாளே ஆரோக்கியம் கூப்பிட்டான்.

“என்னலே நடுவுல கட்டாகுது? நெட்டு போயிட்டுன்னு மூணு வாட்டி கேட்டேன்.”

“நெட்டு போகல. அந்த இடத்துல பத்து எட்டு வாயத் திறக்காம நடக்கணும்.”

“நம்ம ஆளுகளா? கூட்டத்துல வாய் ஓயாத மேரியக்கா இருக்கா, ஞாபகம் இருக்கா?”

“சொல்லிப் பாரு.”

அவன் முதல் வரியை முனகிப் பார்த்தான். “பாட்டு நல்லாருக்குலே,” என்றான். “மேரியக்காட்ட மட்டும் நீயே போன் போட்டுச் சொல்லிரு.”

ஆகஸ்ட் பதினாலு. அங்கே மதியம் மூன்று மணி என்றால் இங்கே காலை பத்தரை, எங்கள் டீ நேரம். சலவைக்கூடத்துக்குப் பின்னால், துணி காயப்போடும் புல்தரையில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றேன். வீடியோவில் ஆரோக்கியத்தின் தோள் தெரிந்தது, வண்டியின் சாமந்தி தெரிந்தது. ஸ்பீக்கர் இல்லை. அறுபது தொண்டையும் என் பாட்டைப் பாடியது. நான்காவது வரி முடிந்ததும் சத்தம் நின்றது. மேரியக்காகூடப் பேசவில்லை. வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது, தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, ரோட்டில் வெறுங்கால்கள் படும் சத்தம் கேட்டது. நானும் ஈரப் புல்லில் அவர்களோடு எட்டு வைத்தேன். பத்தாவது எட்டில் எனக்குச் சுவர் வந்துவிட்டது. அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் திரும்பி நின்று, பாட்டு தொடங்கியதும் மறுபடி நடந்தேன்.