காடைக்கும் வயசு பார்க்கணும்

காடை கத்துவதைக்கூடத் தாங்கலாம், காடை விற்கிறவர்கள் பேசுவதைத்தான் தாங்க முடியாது. வளர்த்து நொந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மிஷினில் காடைக்குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவையும் சரியா பொரிக்கலன்னா கொட்டகையைப் பிரிச்சிட்டு உன்னை மெட்ராசுக்கு கூட்டிட்டு வந்துடுவேன்" என்று மகன் எஸ்.டி.டி. போனில் சொல்லிவிட்டான். மலை முகத்தில் விழிக்காமல் எனக்கு எப்படி விடியும்? நான் ஊரில் இருப்பதா வேண்டாமா என்பது காடை வயிற்றில் இருந்தது.

புரட்டாசியில் தேங்கியது

முதல் தடவை, கீழ்பென்னாத்தூர் வியாபாரி ஒருவரிடம் தாய்க்காடையும் சேவலும் வாங்கினேன். "இப்பத்தான் முட்டைக்கு வந்துதுங்க" என்று சத்தியம் செய்தார். வீட்டில் இறக்கிப் பார்த்தால் கால் சொரசொரப்பு, நகம் வளைந்து கிடக்கிறது. புரட்டாசியில் கறிக்குப் போகாமல் தேங்கி, கார்த்திகையில் மாலை போட்டவர்களாலும் மிஞ்சி, கூண்டிலேயே கிழடு தட்டியவை எனக்குத் தாயாக வந்திருந்தன. முட்டை பெரிசுதான், ஓடு தொட்டால் கீறல். பாதிக்கு மேல் கருவே இல்லை. சேவல்களுக்குப் பெட்டையைத் திரும்பிப் பார்க்கவும் தெம்பில்லை. போய்க் கேட்டதற்கு, மனுஷர் கூசாமல் மலைப்பக்கம் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க பௌர்ணமில முட்டை வெச்சிருப்பீங்கம்மா, சாமி ஏத்துக்கல."

பிஞ்சிலே அவசரம்

அண்ணாமலையாருக்கு என் முட்டையைப் பார்ப்பதுதான் வேலை போலிருக்கிறது! நொந்துபோய்ச் சின்னக் காடைகளாக வாங்கிவந்து வளர்த்தேன். நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு நாளும் கூண்டு கழுவாத என் கொழுந்தனார், அவை இட்ட முதல் முட்டைகளை மிஷினில் அடுக்கிவிட்டார். "கெழம் வேணாம்னா எளசு, அவ்ளோதானே அண்ணி" என்றார். முட்டை கோலிக்குண்டு அளவு. வந்த குஞ்சு வண்டு அளவு. தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்துவிடுமே என்று கூழாங்கல் போட்டு வைத்தேன். பிழைத்தவைக்கும் எவ்வளவு தின்றாலும் உடம்பு பிடிக்கவில்லை. டவுன் மெஸ்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்: "யம்மா, இதை நான் வறுக்கணுமா, வளக்கணுமா?"

ஸ்பேனரோடு வந்தவன்

அதன்பின் மிஷின் சாவி என் முந்தானையில். தாய்க்காடைகள் தேறட்டும் என்று தொடக்க முட்டைகளையெல்லாம் குழம்பில் போட்டேன். "குழம்பு நல்லா இருக்கு அண்ணி" என்று கொழுந்தனார்தான் தின்றார். முட்டை ஒரே சீராக வந்த பிறகு, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு அடுக்கினேன்.

பொரிக்கிற அன்று, கொட்டகையைப் பிரிக்க ஸ்பேனரோடு மகன் வந்து நின்றான். மிஷினைத் திறந்தால் தட்டு கொள்ளாமல் குஞ்சு, காது கொள்ளாமல் கீச்சு. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டான். அன்றைக்கென்று குஞ்சு வாங்க அந்த வியாபாரியும் வந்தார். அவர் கொடுத்த கிழடு ஒன்றுகூடக் கொட்டகையில் இல்லை. ஆனாலும் மகனிடம், "எல்லாம் என் கைராசி தம்பி" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு, தனியாக பஸ் ஏறும்போது மகன் என்னிடம் சொன்னது: "காடைக்கு வயசு பாக்கற, உன் வயசை யாரும்மா பாக்கறது?"

வயசு பார்க்க வேண்டியது முட்டையிடுகிறவளுக்குத்தான், மிஷினில் அடுக்குகிறவளுக்கு இல்லை.