திருப்பிப் போட்ட ஃபிலிம்

திருப்பதியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், கதிர்வீச்சு அளவைச் சரிபார்ப்பது என் வேலை. நோயாளிக்குக் கொடுக்கும் முன் ஒரு ஃபிலிமில் கதிரைப் பாய்ச்சிப் பார்ப்போம்; பட்ட இடம் கறுக்கும். அன்று வலப்பக்கம் கறுக்க வேண்டியது, இடப்பக்கம் கறுத்திருந்தது. எது எந்தப் பக்கம் என்று காட்ட மூலையில் போடும் குறியைப் போட மறந்திருந்தேன். ஃபிலிமைத்தான் மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து, ஸ்கேனரில் திருப்பிப் போட்டேன். சிகிச்சைத் திட்டத்தோடு பொருந்தியது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

வெளியே அந்த நோயாளி, வலது மார்பில் புற்றுநோயோடு புத்தலப்பட்டு ஊரிலிருந்து வந்த அம்மா, காத்திருந்தார்.

"காலைலேருந்து பயந்துக்கினே கீறேன் சார். நீங்க நல்லா பாத்துட்டீங்க இல்ல?"

நான் பார்க்கவில்லை, ஊகித்திருந்தேன். உள்ளே ஓடினேன். குறி போட்டு இன்னொரு ஃபிலிம் வைத்தேன். மறுபடியும் இடப்பக்கம்தான். மெஷினுக்குப் போன கணக்கில் பக்கம் மாறியிருந்தது. விட்டிருந்தால், அவரது நல்ல மார்பு வெந்திருக்கும்.

ஃபிலிம் முதலிலேயே உண்மையைத்தான் சொன்னது. எனக்குத் தோதாக அதைத் திருப்பிப் போட்டவன் நான்.