கல்யாண வீட்டுக்குப் போன மண்டையோடு

மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு அனாட்டமி உள்தேர்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு சேரன்மகாதேவியில் பெரியப்பா மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமையே வந்துவிட வேண்டும் என்று அம்மா விடுதிக்குப் போன் செய்தாள். பரீட்சை இருக்கிறது என்றேன்.

"பரீட்சை திரும்ப வரும். கல்யாணம் திரும்ப வருமாட்டி?"

நானும் என் அறைத்தோழியும் சீனியர் ஒருத்தியிடம் கூட்டாக வாங்கிய எலும்புகளில் மண்டையோடு ஒன்றே ஒன்றுதான். அதன் அடிப்பக்கம் முழுக்கத் துளைகள். எந்தத் துளையில் எந்த நரம்பு போகிறது என்று விரல் வைத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். தோழி கை கால் எலும்புகளைப் படித்துக்கொண்டிருப்பதாகவும், ஞாயிறு சாயங்காலம் நான் மண்டையோட்டைக் கொண்டுவந்து தருவதாகவும் ஏற்பாடு. அவளுக்கு அரை மனதுதான். துண்டில் சுற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டு, பாளையங்கோட்டையில் பஸ் ஏறினேன்.

கல்யாண வீட்டில் பையைத் திறக்கவே முடியவில்லை. டாக்டர் பிள்ளை வந்துவிட்டாள் என்று ஆளாளுக்கு நாடி பார்க்கக் கையை நீட்டினார்கள். முழங்கால் வலி, வாயு, சர்க்கரை. அதுவரை நான் பிடித்துப் பார்த்த கைகளெல்லாம் ஃபார்மலினில் ஊறிய பிணங்களின் கைகள் என்று எப்படிச் சொல்வது? புத்தகத்தோடு மாடிக்குப் போனால் பூக்கட்டக் கூப்பிட்டார்கள். பூவை முடித்தால், சும்மாதானே இருக்கிறாய் என்று தேங்காய் எண்ணச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த அத்தை, அதே மஞ்சள் நிறத்தில் இருந்த என் பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உள்ளே கையை விட்டவள் தேங்காய் என்றே நினைத்து, குடுமி இருக்கிறதா என்று துண்டை விலக்கிப் பார்த்தாள். கத்தவில்லை. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வேர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வீடு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என்னைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார்கள். ஈரத்தலையோடு வந்து, அதை எடுத்துக்கொண்டு நான் கிளம்புகிறேன் என்றேன். உள்ளூர எனக்குச் சந்தோஷம்கூட. அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"பை போகட்டும். நீ எங்கன போற? டாக்டருக்குப் படிக்கவ கோவிச்சிட்டுப் போயிட்டான்னு மாப்பிள வீட்டுல பேசுவாவ."

மாமா பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் தன் சிநேகிதர் உரக்கடையில் வைத்துவிட்டு வந்தார். ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருந்தது. கடைக்கார அண்ணாச்சி தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம்.

வெறுங்கையோடு விடுதிக்குப் போனேன். தோழி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தல எங்கட்டி?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பக்கத்து அறைக்காரிகள் தங்கள் மண்டையோட்டை விடிந்த பிறகுதான் கொடுத்தார்கள். அதையும் இருவரும் பேசாமலே கைமாற்றிக்கொண்டோம்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அவளுக்குத் தொடை எலும்பு வந்தது, தப்பித்தாள். என் கையில் மண்டையோட்டைக் கவிழ்த்துக் கொடுத்து, ஒரு துளையில் ஈர்க்குச்சியை விட்டு, இதன் வழியாக என்ன போகிறது என்று கேட்டார் பேராசிரியர். கண் முன்னால் தாம்பூலப் பைகள்தான் வந்தன. ஃபெயில்.

மறுதேர்வுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் மாமா மண்டையோட்டைக் கொண்டுவந்து விடுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோழியும் கோபம் தணிந்து, எதிரே உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கூப்பிட்டார்கள், ஊரிலிருந்து போன் என்று. பெரியப்பா வீட்டில் மறுநாள் பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து என்று ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. நான் கட்டாயம் வர வேண்டும். போனை எடுக்காமலே இது எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். தோழி என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளே இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"வார்டுல டூட்டியில இருக்கா, வர முடியாதுன்னு சொல்லிட்டேன். படி."

முதல் வருடக்காரிக்கு ஏது வார்டு? நல்லவேளை, அம்மாவுக்கு அது தெரியாது.