கைப்பையில் போய்க் கைப்பையிலேயே திரும்பிய டைட்டானியம்

சேலத்திலிருந்து கோவைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அடிக்கடி நினைவுக்கு வருவது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழிச் சனிக்கிழமை போனதுதான். ஊர் பார்க்கப் போகவில்லை. கல்லூரித் தோழி கலாமணி என்னை முந்திவிட்டாளா என்று பார்க்கப் போனேன்.

காலை 6.10க்குப் பேருந்து, 160 கிலோமீட்டர், 28 ரூபாய். கைப்பையில் என் இரண்டு வருட உழைப்பு: சுண்டுவிரல் நீளத்தில் ஒரு டைட்டானியக் கலவைத் துண்டு. உள்ளெல்லாம் நுண்துளைகள். உடம்புக்குள் வைத்தால் அந்தத் துளைகளில் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும். கலாமணியும் அதையே செய்கிறாளாம். ஆர்.எஸ்.புரத்து எலும்பு மருத்துவர் அன்று மதியம் வருகிறார், முயலின் காலில் வைத்துச் சோதிக்க ஒரே ஒரு துண்டை எடுத்துப்போவார், நீயும் உன்னுடையதைக் கொண்டு வா என்று கடிதம் போட்டிருந்தாள். என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவள் அவள். எனக்கு வயிறு எரியாதா?

கலாமணி இருப்பது சிங்காநல்லூரில். அங்கே போகிறவர்கள் காந்திபுரம் வரை போக வேண்டாம், பீளமேட்டில் இறங்கலாம். நான் 10.20க்கு இறங்கினேன். ஆட்டோக்காரர் 30 கேட்டு 25க்கு வந்தார்.

“குளத்துக்கு இந்தப் பக்கமுங்களா, அந்தப் பக்கமுங்களா?”

“பம்பு செய்யற பட்டறைங்க.”

“அங்க எல்லாமே பம்புப் பட்டறைதானுங்க அம்மணி.”

விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். கலாமணியின் புகுந்த வீட்டில் பம்புக்கு இரும்பு வார்க்கிறார்கள். காபி கொடுத்த கையோடு தன் துண்டை எடுத்து, சிவப்பு மை ஊற்றிய தட்டில் நிறுத்தினாள். மை மெல்ல மேலேறி உச்சி வரை நனைத்தது. நான் காபியைக் கீழே வைத்தேன்.

“எப்படிடி செஞ்சே?”

“டைட்டானியத் தூளோட உப்புக்கல்லக் கலந்து அமுக்கி, வெந்நீர்ல உப்பக் கரைச்சுப்போட்டுச் சுடறதுதான். நீயும் அப்படித்தான செய்யறே? உப்பு கம்மியாப் போட்டா ஓட்டை தனித்தனியா நின்னுபோகும் புள்ள. கசியற பம்ப ஒடைச்சு ஒடைச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சேன். ஒண்ணோட ஒண்ணு சேந்த ஓட்டைதான் கசியும். எலும்பு போறதுக்கும் அதான வேணும்.”

வலு குறையக்கூடாது என்று நான் உப்பைக் குறைத்திருந்தேன். நுண்ணோக்கியில் துளைகளை எண்ணினேனே தவிர, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு மருத்துவர் வந்தார். “நீங்களும் ஒண்ணு கொண்டுவந்திருக்கீங்களாமா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, இன்னும் முடியலை” என்றேன். கை பைக்குள்தான் இருந்தது. அவர் கலாமணியின் துண்டை எடுத்துப்போனார்.

கலாமணி என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். பேருந்து வந்தபோது சொன்னாள்: “வந்ததுல இருந்து அந்தப் பைய மடியில இருந்து எறக்கவே இல்ல நீ. அடுத்த வாட்டி வாரப்ப அதையும் மையில வெச்சுப் பாக்கலாம் கண்ணு.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வீட்டில் என் துண்டை மையில் நிறுத்தினேன். மறுநாள் காலையிலும் அடியில் மட்டும்தான் சிவப்பு.

இப்படிப் பட்டறை பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். கொண்டுபோன பொருளை வெளியே எடுத்துக் காட்டுங்கள். வலு குறையாமல் எவ்வளவு உப்புப் போடலாம் என்று அவள் அரை மணி நேரத்தில் சொல்லித் தந்திருக்கக்கூடியதை, நானாகக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. பேருந்துக்குப் போகவர 56 ரூபாய் தண்டம்.